மணிபல்லவத்தில் தவறிய கலம்
மணிமேகலையின் தனிவழிப் பயணங்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்க் காப்பியங்களுள் கடலையும் கலத்தையும் கதையின் உயிர்நிலையாகக் கொண்டது மணிமேகலையே. சிலப்பதிகாரம் நிலவழிப் பயணத்தின் காப்பியம். புகாரிலிருந்து மதுரைக்கும் அங்கிருந்து வஞ்சிக்கும் அதன் கதை கால்நடையாகவே நகர்கின்றது. மணிமேகலையோ புகார், மணிபல்லவம், சாவகம், வஞ்சி, காஞ்சி என நிலமும் நீரும் வானும் கடந்து விரிகின்றது. இவ்விரிவைப் பலரும் எடுத்துக் கூறியுள்ளனர். எனினும், அப்பயணங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. சாத்தனாரின் பயணிகள் பெரும்பாலும் தனித்தவர்கள். அவர்களுட் பலர் எண்ணிய இடத்தை எண்ணிய காலத்தில் அடையாதவர்கள். கலம் உடைகின்றது, காற்று மாறுகின்றது, ஏறவேண்டியவர் கரையிலே நிற்கக் கலம் போய்விடுகின்றது. இத்தடைகளைக் கதையை நீட்டுதற்கான உத்தி எனக் கொள்வது எளிது. ஆனால், தடைப்பட்டு நிற்பவர் அந்நிலையில் யாது செய்கின்றார் என்பதைக் கொண்டே சாத்தனார் அவரை அளக்கின்றார் என்பதற்கு நூலினுள்ளேயே சான்றுகள் உள.

இவ்வாராய்ச்சிக்கு நடுவிடமாக அமைவது மணிபல்லவம். அத்தீவினை நயினாதீவு எனக் கொள்ளும் மரபு யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியது. முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலுக்குப் பின்னர், மணிபல்லவம் எது என்ற வினா ஈழத்து வரலாற்றாய்வின் நிலையான வினாக்களுள் ஒன்றாயிற்று. அது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் என்பார் ஒருசாரார். நயினாதீவு மட்டுமே என்பார் வேறொருசாரார். வல்லிபுரத்தில் 1936 ஆம் ஆண்டு கிடைத்த பொன்னேடு நாகதீவு என்னும் பெயரைத் தாங்கி நின்றமையால், அப்பெயர் சிறு தீவொன்றை அன்றிப் பெருநிலப்பரப்பையே குறித்தது என்ற கருத்து வலுப்பெற்றது. காப்பியத்தின் அகச்சான்றோ இவற்றுள் எதனையும் முற்றாக உறுதி செய்வதாயில்லை. புகாரிலிருந்து தெற்கே 30 யோசனைத் தொலைவில் மணிபல்லவம் உள்ளதென்று ஓரிடத்திலும், அதன் அயலிலே சமந்த மலையையுடைய இரத்தினத் தீவம் உள்ளதென்று பிறிதோரிடத்திலும் சாத்தனார் கூறுகின்றார். ஈழத்தின் வடபுலக் கடலையே இக்குறிப்புகள் சுட்டுகின்றன என்பது வரையில் ஐயமில்லை. அதற்கு மேல் எந்தத் தீவு, எந்தக் கரை என விரல் நீட்டிக் காட்டுவதற்குக் காப்பியம் இடந்தரவில்லை.

இவ்விட ஆராய்ச்சியில் ஒரு நகைமுரண் உண்டு. மணிபல்லவத்துப் பீடிகையின் கதையே உரிமைப் பூசலின் கதைதான். நாகநாட்டரசர் இருவர் ஒரு மணிப்பீடிகைக்கு உரிமை கொண்டாடுகின்றனர். அதனைப் பெயர்த்தெடுக்கவும் அவர்களால் இயலவில்லை. விட்டுச் செல்லவும் இயலவில்லை. ஆதலாற் படை திரட்டிப் பொருகின்றனர். புத்தர் தோன்றி அப்பீடிகையில் தாமே அமர்ந்து அறமுரைக்கப் பூசல் ஒழிகின்றது. பாளி மொழியிலான மகாவம்சமும் சூளோதரன், மகோதரன் என்ற பெயர்களோடு இதே கதையைக் கூறுகின்றது. இரு மொழிகளிலும் ஒரே கதை வழங்குவதும், நயினாதீவின் கரையிலே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் நிற்பதும், அக்கடல்வழி எவருக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை என்பதையே காட்டுகின்றன. அவ்வாறிருக்க, பீடிகை யாருடையது என்ற பழைய பூசலைத் தீவு யாருடையது என்ற புதிய பூசலாக வளர்ப்பவர் இரு பக்கத்திலும் உளர். அவர்கள் அக்கதையின் முற்பாதியை மட்டும் படித்தவர்கள் எனக் கூறின் அது மிகையாகாது.

ஆகவே, மணிபல்லவம் எங்கே என்ற வினாவை ஒருபுறம் வைத்து, மணிபல்லவத்தில் யாது நிகழ்கின்றது என்ற வினாவை எழுப்புவது இலக்கியத் திறனாய்வுக்குப் பொருத்தமாகும்.

அத்தீவை முதலில் அடைபவள் மணிமேகலை. அவள் விரும்பிச் சென்றவள் அல்லள். உவவனத்திலே துயின்றுகொண்டிருந்தவளை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று அங்கே வைத்துவிடுகின்றது. விழித்தெழுந்தவள் முதலில் தான் வேற்று நிலத்தில் இருப்பதையே உணரவில்லை. உவவனத்தில் தான் அறியாத ஒரு பகுதியோ இது என்று மயங்குகின்றாள். சுதமதி எங்கோ ஒளிந்துகொண்டு விளையாடுகின்றாள் என்றெண்ணி அவளை அழைக்கின்றாள். விடை இல்லை. மணற்குன்றுகளும் நீர்ப்பறவைகளும் அன்றி மனிதச் சுவடு எதுவும் இல்லை. அதன் பின்னரே அச்சம் தோன்றுகின்றது, வேற்று நாடு சென்று வாளால் மாண்ட தந்தையின் நினைவு எழுகின்றது, அவள் அழுகின்றாள். அறிமுகமற்ற இடத்திற் கண்விழிக்கும் ஒருவரின் மனநிலை, தெரிந்த இடம் என்ற மயக்கத்திலிருந்து ஐயத்துக்கும் ஐயத்திலிருந்து துயருக்கும் படிப்படியாக இறங்குவதைத் துயருற்ற காதை மிக நுட்பமாகச் சித்திரிக்கின்றது. அவளுடைய அழுகை அவளை ஓரிடத்தில் முடக்கிவிடவில்லை என்பதே ஈண்டு கருதத்தக்கது. அழுதுகொண்டே அவள் அலைகின்றாள். அலைந்ததாற் பீடிகையைக் காண்கின்றாள். கண்டதால் தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். ஏழாம் நாளில் அவள் மீள்வாள் என்பது சுதமதிக்குக் கூறப்படுகின்றதேயன்றி, தீவில் தனித்துக் கண்விழிப்பவளுக்கு அந்நாட்கணக்குத் தெரியாது. காத்திருப்பின் எல்லையை அறியாமலே காத்திருப்பவள் அவள்.

இரண்டாமவன் சாதுவன். ஆதிரையின் கணவனாகிய இவன் பொருளை இழந்து, வணிகரோடு கலமேறிச் செல்லுகையிற் கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப்பக்கம் ஒன்றிற் கரையேறுகின்றான். பிழைத்து மீண்ட வேறு சிலர் அவன் இறந்தான் என்று புகாரிற் கூற, ஆதிரை தீப்புகத் துணிகின்றாள். சாதுவனோ நாகரின் மொழியை அறிந்தவனாதலால் அவர்களோடு உரையாடி உயிர் பிழைக்கின்றான். அவர்தம் தலைவன் தனக்கு இயன்ற அறம் யாதெனக் கேட்கும்போது, சாதுவன் கூறும் முதல் அறம் கலமுடைந்து கரைசேர்ந்தோரைக் கொல்லாது காக்க வேண்டும் என்பதாகும். தத்துவ நுட்பம் எதுவும் இதில் இல்லை. கடலினால் வந்த துன்பத்தை அனுபவித்த ஒருவன், அடுத்து வரப்போகும் ஒருவனுக்காகக் கேட்கும் வாக்குறுதி இது. பின்னர், அவ்வழி வந்த சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்திலேறி அவன் ஊர் திரும்புகின்றான். காலந்தாழ்த்தி வந்த கலமே ஆயினும் கலம் வந்தது. வரும்வரை அவன் இருந்தான்.

சாதுவனின் இவ்வறத்துக்கு நயினாதீவிலேயே ஒரு வரலாற்று இணை உண்டு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டு அத்தீவின் அம்மன் கோயிலில் உள்ளது. அதனைக் கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டு வரும் கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற சரக்குகளைக் கொண்டுவரும் கலம் கெட்டால் பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. சிங்கள மன்னனொருவன் தமிழில் வெளியிட்ட இவ்வாணையும், தமிழ்ப் பௌத்தப் புலவனொருவன் பாடிய சாதுவன் கதையும் ஒரே கேள்விக்கு விடை கூறுகின்றன. கரையொதுங்கியவனுக்குக் கரையிலுள்ளோர் என்ன கடமைப்பட்டவர் என்பதே அக்கேள்வி. சட்டம் பங்கு பிரிக்கின்றது. காப்பியம் உயிரைக் காக்கச் சொல்லுகின்றது. சாதுவனுக்கு நாகர் தலைவன் தன்னிடமிருந்த பொருள்களையும் அளித்து அனுப்புகின்றான் என்பதை இவ்வாணையோடு ஒப்புநோக்கினால், சாத்தனார் தம் காலத்துக் கடற்கரை வழக்கத்தினின்று எவ்வளவு தூரம் முன்னே செல்ல விரும்பினார் என்பது புலனாகும்.

மூன்றாமவன் ஆபுத்திரன். மணிமேகலையின் பயணிகளுள் மிகவும் போற்றப்பட்டவனும் மிகக் குறைவாக ஆராயப்பட்டவனும் இவனே. சிந்தாதேவி அளித்த அமுதசுரபியைக் கொண்டு மதுரையிற் பசித்தோர்க்கு உணவிட்ட இவனை வீழ்த்த எண்ணிய இந்திரன், பாண்டிய நாட்டில் மழையைப் பெருக்கிப் பசியையே இல்லாமற் செய்துவிடுகின்றான். ஊட்டுதற்கு ஒருவரும் இல்லாத நிலையில், சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கலத்தில் வந்தோர் கூறக் கேட்டு, ஆபுத்திரன் கலமேறுகின்றான். காற்றுக் காரணமாகக் கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகின்றது. அவன் கரையில் இறங்குகின்றான். காற்று வாய்த்ததும், இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமி இருளிற் பாய்விரித்துச் சென்றுவிடுகின்றான். ஆளில்லாத தீவில், பலர்க்கும் உணவளிக்கவல்ல பாத்திரத்தோடு ஆபுத்திரன் தனியே நிற்கின்றான். பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்ப அவன் விரும்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுமாறும் அருளுடையோர் கையிற் சேருமாறும் கூறி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்விடுகின்றான்.

இவ்விறப்பைத் தியாகத்தின் கொடுமுடியாகக் காட்டுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் இதற்கு மேற் செல்வதில்லை. ஆனால் சாத்தனார் இக்கதையை இவ்விடத்தில் முடித்துவிடவில்லை. பத்துக்கு மேற்பட்ட காதைகள் கழிந்த பின்னர், சாவகத்திற் புண்ணியராசனாகப் பிறந்திருக்கும் ஆபுத்திரனை அவர் மீண்டும் மணிபல்லவத்துக்கு அழைத்து வருகின்றார். அங்கே பீடிகையைக் காத்துநிற்கும் தீவதிலகை, மணலிற் புதைந்து கிடக்கும் அவனுடைய பழைய உடலின் எலும்புகளைக் காட்டுகின்றாள். அவற்றோடு வேறு எலும்புகளையும் காட்டுகின்றாள். ஆபுத்திரனைத் தேடி வந்த ஒன்பது செட்டிகள், அவன் இறந்தமை கண்டு தாமும் உண்ணாது மாண்டனர். அவர்களை அண்டி உண்டு வாழ்ந்தோரும் அவர்களோடு மாண்டனர். இவற்றைக் காட்டிவிட்டுத் தீவதிலகை கூறுவது புகழுரை அன்று. உன் உயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றாய், ஆதலால் நீ கொலைஞன் அல்லையோ, அவ்வாறிருந்தும் அரசனானாய் என்ற பொருள்பட அவள் அவனை இடித்துரைக்கின்றாள்.

இக்கூற்றின் கடுமை உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆபுத்திரன் அருளறத்தின் வடிவமாகக் காப்பியத்தாலேயே நிறுவப்பட்டவன். அவனையே கொலைஞன் எனக் காப்பியத்துள் ஒரு பாத்திரம் கூறுவது வெறும் அணியலங்காரம் ஆகாது. அதன் தருக்கம் தெளிவானது. செட்டிகள் தேடி வந்தனர். அவர்கள் வருமளவும் அவன் உயிரோடிருந்திருப்பின் கலம் தவறியமை ஒரு தாமதமாகவே முடிந்திருக்கும். அவன் தாமதத்தை முடிவென்று கொண்டான். அத்தவறு அவனோடு நில்லாமற் பிறரையும் கொண்டுபோயிற்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மீண்டும் ஒரு கலம் வரும் என்று ஆபுத்திரன் எவ்வாறு அறிவான்? அறியான் என்பது உண்மையே. ஆனால், மணிமேகலையும் அறியாள், சாதுவனும் அறியான். அறியாமை மூவருக்கும் பொது. மேலும், ஆபுத்திரன் எதிர்காலத்தில் நம்பிக்கையை முற்றாக இழந்தவனும் அல்லன். பாத்திரத்தை உடைத்தெறியாது, என்றோ ஒரு நாள் அருளுடையார் ஒருவர் வருவார் என்று அதனைப் பொய்கையிற் காத்திருக்க வைத்தவன் அவன். அந்த எண்ணம் பொய்க்கவில்லை. வைகாசி விசாக நாளில் மணிமேகலையின் கையில் அப்பாத்திரம் சேருகின்றது. பாத்திரத்துக்கு அளித்த காத்திருப்பைத் தனக்கு அளிக்க மறுத்தான் என்பதே அவன்மேல் நிற்கும் குற்றம். அவன் பாத்திரம் ஏந்திய கையைப் பெரிதாக மதித்தான். அக்கையையுடைய உயிரை மதிக்கவில்லை.

இக்குற்றச்சாட்டின் முழு ஆழமும் சங்க மரபோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், முன்னொருபோதும் கண்டிராத பிசிராந்தையாருக்காக இடம் ஒதுக்கச் சொன்னான், பிறர் ஐயுற, அவர் வந்து சேர்ந்து தாமும் உயிர்விட்டார். மகன் பிறந்த பின்னர் வருமாறு பணிக்கப்பட்ட பொத்தியாரும் பின்னாளில் வந்து வடக்கிருந்தார். புறநானூற்றில் இது நட்பின் பெருமிதம். ஒருவர் இறப்பைப் பின்தொடரும் மற்றவர் இறப்பு அங்கே சான்றாண்மைக்குச் சான்று. மணிபல்லவத்திலும் அதே அமைப்பு உண்டு: உண்ணாது இறந்த ஒருவன், பின்னர் வந்து உண்ணாது இறந்த பலர். ஆனால் சாத்தனார் அதற்குக் கொலை என்று பெயரிடுகின்றார். வீரயுகத்தின் விழுமியமொன்றை அதன் கதையமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு உள்ளிருந்து மறுக்கும் துணிவு இது. பௌத்த அறத்தைக் கோட்பாடாக எடுத்துரைக்கும் இறுதிக் காதைகளை விட, எலும்புகளைக் காட்டி நிற்கும் இக்காட்சி ஆற்றல் மிக்கது எனல் பொருந்தும்.

அதே வேளை, சாத்தனார் இக்கொள்கையைக் காப்பியம் முழுவதும் ஒரே திறனோடு பேணினார் என்று கூறிவிட முடியாது. மணிமேகலா தெய்வம் வானிற் செல்லும் மந்திரத்தை மணிமேகலைக்கு அளித்த கணத்திலிருந்து, அவளுடைய பயணங்கள் இடர் அற்றவை ஆகின்றன. நினைத்தவுடன் சாவகம் செல்கின்றாள். நினைத்தவுடன் வஞ்சி செல்கின்றாள். துயருற்ற காதையில் மணலில் அலைந்து அழுத பெண்ணின் உயிர்ப்பு பிற்பகுதியிற் குன்றிப்போவதற்கு இவ்வசதியும் ஒரு காரணம். தடையற்ற பயணியிடம் கதை நின்று பேசுவதற்கு அதிகம் இல்லை. இக்குறையை ஆசிரியரும் உணர்ந்திருந்தார் போலும். புண்ணியராசன் மணிபல்லவம் செல்லும்போது அவனை வானில் எடுத்துச் செல்லாமற் கலத்திலேயே வரச்செய்கின்றார். அமைச்சனாகிய சனமித்திரனிடம் ஒரு திங்கள் நாட்டைக் காக்குமாறு பணித்துவிட்டே அரசன் புறப்படவேண்டியுள்ளது. வான்வழி முன்னே சென்ற மணிமேகலை, கடல்வழி வரும் கலத்துக்காகக் கரையில் நின்று எதிர்கொள்ளவேண்டியுள்ளது. முன்பு கலம் தவறியவனுக்கு இம்முறை கரையில் ஒருவர் காத்துநிற்கின்றார். முதற் பயணத்தின் துயரத்துக்கு இரண்டாம் பயணம் அளிக்கும் ஈடு இதுவே.

தீவுப்பகுதி மக்களுக்கு இச்செய்திகள் தொல்கதை மாத்திரம் அல்ல. சோழகமும் வாடையும் கலத்தின் நாளை முடிவு செய்யும் வாழ்க்கை இன்றும் அங்கே முற்றாக மறையவில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகு பார்த்து நிற்கின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகிற் சென்ற நெடுந்தீவு மக்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர், படகு வரவில்லை என்ற சொல் அக்கரையில் வானிலைச் செய்தியாக மட்டும் ஒலித்திருக்க முடியாது. அயல்நாட்டுப் பயணத்தின் நிலையும் இத்தகையதே. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்ந்த கப்பற் சேவையும் 1980 களின் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல், பருவக்காற்றுக் காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகத்தில்தான் மீண்டும் புறப்பட்டது. புகாரின் கரையிலிருந்து ஈழத்து வடகரைக்கு வரும் வழி இத்தனை நூற்றாண்டுகளின் பின்னரும் காற்றைக் கேட்டே திறக்கின்றது.

இத்தகைய கடலைச் சூழ்ந்து வாழும் சமுதாயம் ஆபுத்திரன் கதையை எவ்வாறு படிக்கின்றது என்பது சிறிய வினா அன்று. தனித்து நின்று உயிர்துறந்தவனை மட்டும் போற்றும் வாசிப்பு, இறப்பையே பெருமையின் ஒரே அளவுகோலாக்கிவிடும். அத்தகைய வாசிப்புக்குச் சாத்தனாரின் துணை இல்லை. ஆபுத்திரனை அவர் வெறுக்கவில்லை. அரசனாக்கி, அறம் கேட்பித்து, தன் எலும்பைத் தானே காணவைத்து மீண்டும் தன் நாட்டைக் காக்க அனுப்புகின்றார். அவன் பெயர் தமிழிலக்கியத்தில் நிலைத்துவிட்டது. அவனைத் தேடிக்கொண்டு ஆளில்லாத தீவுக்கு வந்த ஒன்பது செட்டிகளுக்கோ காப்பியத்திற் பெயரில்லை, திறனாய்விலும் இடமில்லை. கலத்தில் ஒருவன் குறைகின்றான் என்று கண்டு அவனைத் தேடி வந்தவர்கள் அவர்கள். மணிபல்லவத்து மணலில் ஆபுத்திரனின் எலும்பைத் தேடுவோர் அதன் அருகே கிடப்பவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீவதிலகை அவற்றையும் சேர்த்தே காட்டினாள்.